தம்பிக்கு 7 வருஷத்துல 3 வியாதி பேரு சொல்லிட்டாங்க, எதைத்தாங்க நம்பறது?

பல்லடத்தக்கா

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னைக்குத்தான் மொதல் தடவையா எழுதறேன், பெருசா போயிடும், பொறுத்துக்கோங்க.

எந்தம்பிக்கு வயசு 31. திருப்பூர்ல பனியன் கம்பெனில ஓவர்லாக் டெய்லர். டெய்லரா இருந்தான்னு சொல்லோணும். 2017ல திடீர்னு வேலைக்குப் போகமாட்டேன்னு படுத்துட்டான், சோறு எறங்கல, நான் இருந்து என்ன பிரயோசனம்னு பேச ஆரம்பிச்சான், பயந்துபோயி ஒரு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனோம். டிப்ரஷன்னு சொல்லி எசிட்டாலோபிராம் குடுத்தாங்க. மூணு வாரத்துல எந்திரிச்சுட்டான், எங்களுக்கு அப்படி ஒரு சந்தோசம். ஆனா எந்திரிச்சவன் நிக்கவே இல்லீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு கணக்கு நோட்டு எழுதறான், அஞ்சு நாளு பொட்டுத் தூக்கமில்ல, சொந்தமா யூனிட் போடறேன்னு வட்டிக்கு வாங்கி பழைய மிஷின் மூணு கொண்டாந்து வாசல்ல எறக்கிட்டான், ஒன்னுக்கு மோட்டாரே இல்ல.

அப்புறம் வேற ஆஸ்பத்திரி. அங்க இது டிப்ரஷன் இல்ல, ஒரு நேரம் சோந்து ஒரு நேரம் எகிறுற பைபோலார்னு சொல்லி பழைய மாத்திரைய நிறுத்திட்டு லித்தியம், ஒலன்சபின் ஆரம்பிச்சாங்க. மூணு வருஷம் பரவால்லாம ஓடுச்சு. 2021ல மறுபடியும். இந்தத் தடவை அழுகையும் இல்ல, ஆட்டமும் இல்ல, சாதாரணமாத்தான் இருக்கான், ஆனா "மாடில ரெண்டு பேரு என்னப் பத்திப் பேசிட்டே இருக்காங்க"ங்கறான். எங்க வீட்டுக்கு மாடியே இல்லீங்க, ஓட்டு வீடு. மூணாவது டாக்டர் பழைய சீட்டெல்லாம் புரட்டிப் பாத்துட்டு, குரல் கேக்கறதும் மனசு ஏறி எறங்கறதும் கலந்த ஸ்கிசோஅஃபெக்டிவ்னு எழுதுனாங்க.

இப்ப லித்தியம் 900 மில்லிகிராம், குரலுக்கு ரிஸ்பெரிடோன் 4, அதோட பக்கவிளைவுக்கு ட்ரைஹெக்ஸிபெனிடில். பேச்சுக் குரல் நின்னு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுக்குச் சாமிக்கு நன்றி. ஆனா காலைல 11 மணி வரைக்கும் படுக்கை, எந்திரிச்சா சுவத்தப் பாத்து உக்காந்துக்கறான், 58 கிலோ இருந்தவன் இப்ப 79, கை நடுங்குது, ரெண்டு கம்பெனில வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. சொந்தக்காரங்க எல்லாம் மாத்திரைதான் பையனக் கெடுக்குது, நிறுத்திப்போட்டு குணசீலம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு ஒரே பேச்சு.

நான் கேக்கறது இதுதாங்க. மூணுல எது அவனோட வியாதி? மொத ரெண்டு டாக்டரும் தப்பாச் சொன்னாங்களா? இத்தன மிஷின் இருக்கற காலத்துல ஒரு ஸ்கேன்ல இதக் கண்டுபிடிக்க முடியாதா? மாத்திரை வேலை செய்யுதுன்னா எந்தம்பி ஏன் இன்னும் எந்தம்பியாத் திரும்பி வரல?

காவிரிக்கரை

அக்கா குணசீலம் கண்டிப்பா போய்ட்டு வாங்க, 48 நாள் தங்கணும், எங்க பெரியம்மாவுக்கு அங்கதான் தெளிஞ்சுது. ஆனா பெரியம்மா மாத்திரையும் கூடவே சாப்பிட்டாங்க, அதையும் சொல்லிடறேன். எது கேட்டுச்சுனு எங்களுக்கு இன்னி வரைக்கும் தெரியாது.

நைட்_டூட்டி_சிஸ்டர்

அக்கா, நான் மனநல வார்டுல 22 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. டாக்டர் இல்ல, அதனால தம்பிக்கு என்ன வியாதின்னு நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனா பேரு ஏன் மாறுச்சுங்கறத சொல்ல முடியும்.

மொதல்ல ஸ்கேன் விஷயம். ஆரம்பத்துல ரத்தம் எடுக்கறது, சில பேருக்கு ஸ்கேன், ஈஈஜி எடுக்கறது எல்லாம் மனநோயக் கண்டுபிடிக்க இல்ல, மத்ததெல்லாம் இல்லைன்னு உறுதி பண்ணிக்கறதுக்கு. தைராய்டு, பி12 குறைச்சல், வலிப்பு, மூளைக்காய்ச்சல், இதெல்லாம் அச்சு அசல் மனநோய் மாதிரியே வரும். 2007ல ஸ்பெயின்காரர் ஜோசப் தால்மாவ் குழு ஒரு மூளை அழற்சிய அடையாளம் காட்டினாங்க, உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளையத் தாக்குறது, நல்லா இருந்த சின்னப் பொண்ணு திடீர்னு சம்பந்தமில்லாமப் பேசும், நேரா சைக்கியாட்ரி வார்டுக்குத்தான் கூட்டிட்டு வருவாங்க. அதுக்கு இன்னைக்கு டெஸ்ட் இருக்கு. ஆனா ஸ்கிசோஃப்ரினியா (இல்லாத குரல் கேக்கறது, சந்தேகம் வர்ற வியாதி), பைபோலார், டிப்ரஷன் இந்த மூணுக்கும் "பாசிட்டிவ்"னு ரிப்போர்ட் குடுக்கற ஒரு டெஸ்ட் இன்னி தேதி வரைக்கும் உலகத்துல எங்கயும் இல்ல.

அப்ப எத வெச்சுப் பேரு வெக்கறாங்கன்னா, என்ன என்ன அறிகுறி, எத்தன நாளா, எது முன்னாடி எது பின்னாடி, நடுவுல நல்லா இருந்தாரா, இதத்தான். நூறு வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனில க்ரெப்பலின்னு ஒரு டாக்டர், ஒவ்வொரு நோயாளிக்கும் அட்டை போட்டு வருஷக்கணக்குல எழுதி வெச்சார், ஒரு கூட்டம் வந்து வந்து தெளியுது, இன்னொரு கூட்டம் மெல்ல மெல்லத் தேயுது, அதப் பாத்துத்தான் 1899ல ரெண்டு வியாதின்னு பிரிச்சார். அதாவது போற பாதைய வெச்சு. இன்னைக்கும் அடிப்படை அதுதான்.

சென்னைல இருந்து ஒரு வண்டி கெளம்புது, போர்டு இல்ல. அரக்கோணத்துல நின்னு பாக்கறவனுக்கு அது பெங்களூர் போகுதா சேலம் போகுதான்னு தெரியாது, ஜோலார்பேட்டை தாண்டினாத்தான் தெரியும். உங்க மொத டாக்டர் அரக்கோணத்துல நின்னவர். அன்னைக்குத் தம்பி முழுசா டிப்ரஷன்லதான் இருந்தான். பைபோலார் உள்ளவங்க நெறய பேருக்கு மொத அட்டாக் டிப்ரஷனாத்தான் வரும், அந்த மாத்திரை போட்டப்புறம் மேல தூக்குறதும் தெரிஞ்ச விஷயம்தான். அவர்ட்ட ஒன்னே ஒன்னு கேக்கலாம், இதுக்கு முன்னாடி எப்பயாச்சும் தூக்கமே இல்லாம ஓவரா சுறுசுறுப்பா இருந்தானா, குடும்பத்துல யாருக்காச்சும் இருக்கான்னு விசாரிச்சாரான்னு.

கேள்வி_கேப்போம்

சிஸ்டர் அழகா ரயில் ஓட்டுறாங்க, ஆனா தண்டவாளமே இருக்கானு யாரும் கேக்கறதில்ல. 1973ல ரோசன்ஹான்னு ஒரு அமெரிக்க ப்ரொஃபசர், நல்லா இருக்கற 8 பேர் ஆஸ்பத்திரிக்குப் போய் குரல் கேக்குதுன்னு பொய் சொன்னாங்க, எல்லாரையும் அட்மிட் பண்ணி வியாதி பேரு குடுத்து அனுப்பினாங்கனு எழுதினார். அதே 1973லதான் ஓரினச்சேர்க்கைய வியாதி லிஸ்ட்ல இருந்து எடுத்தாங்க, அடுத்த வருஷம் டாக்டருங்க அதுக்கு ஓட்டெடுப்பே நடத்தினாங்க. ஓட்டுப் போட்டு முடிவு பண்ற வியாதி வேற எதாவது இருக்கா? சுகருக்கு ஓட்டுப் போடறாங்களா? 2022ல மான்க்ரீஃப்னு லண்டன் டாக்டர் இருக்கற ஆராய்ச்சியெல்லாம் தொகுத்து, டிப்ரஷனுக்கு மூளைல செரோடோனின்ங்கற ரசாயனம் குறைச்சல்தான் காரணம்ங்கறதுக்கு ஆதாரமே இல்லனு போட்டாங்க. 30 வருஷமா கெமிக்கல் இம்பேலன்ஸ்னு சொல்லி மாத்திரை வித்தது பொய்யாப் போச்சு. அக்கா, உங்க தம்பிய மூணு பேரு மூணு சொன்னதே பதில், யாருக்கும் தெரியாது.

லித்தியம்_19

கேள்வி சார், நீங்க சொன்னதுல பாதி சரி, ஆனா அந்தப் பாதிய வெச்சு நீங்க போற இடம்தான் தப்பு.

நான் பைபோலார், 19 வருஷமா லித்தியம் சாப்பிடறேன், மதுரைல ஸ்கூல் வாத்தியார், புள்ளைங்களுக்குத் தெரியாது. நீங்க சொன்ன ரோசன்ஹான் கதையவே 2019ல ஒரு பத்திரிகைக்கார அம்மா தோண்டிப் பாத்தாங்க, அந்த 8 பேர்ல முக்கால்வாசி ஆள் யாருன்னே கண்டுபிடிக்க முடியல, ரோசன்ஹான் டாக்டர்ட்ட சொன்னதா எழுதினதும் ஆஸ்பத்திரி ரெக்கார்டும் ஒத்துப் போகல. உங்க ஆயுதமே துருப்பிடிச்சது.

டயக்னோசிஸ் ஆட்டம் காணுதுங்கறதுக்கு அதைவிட நல்ல ஆதாரம் மனநல டாக்டருங்க வீட்டுலயே இருக்கு, நானே எடுத்துத் தரேன். 2013ல டிஎஸ்எம், அதான் மனநோய்க்குப் பேரு வெக்க அமெரிக்க டாக்டருங்க போடற கையேடு, அஞ்சாவது பதிப்பு வந்துச்சுல்ல, அதுக்கு முன்னாடி ஒரே நோயாளிய ரெண்டு டாக்டர் தனித்தனியாப் பாத்து ஒரே பேரு சொல்றாங்களான்னு சோதிச்சாங்க. முழுசா ஒத்துப் போனா 1, குருட்டாம்போக்குல சொன்ன மாதிரி இருந்தா 0. ஸ்கிசோஃப்ரினியாவுக்கு 0.46, பைபோலாருக்கு 0.56, டிப்ரஷனுக்கு எவ்ளோ தெரியுமா, 0.28. ஊர்ல அதிகமா எழுதற சீட்டுக்கே அவ்ளோதான். ஏன்னா டிப்ரஷனுக்கு 9 அறிகுறில 5 இருந்தாப் போதும், தூக்கம் கம்மியும் கணக்கு தூக்கம் ஜாஸ்தியும் கணக்கு, ரெண்டு பேருக்கும் டிப்ரஷன்னு எழுதி ஒரே ஒரு அறிகுறி மட்டும் பொதுவா இருக்கலாம்.

சரி பேரு ஆட்டம், ஒத்துக்கறேன். செரோடோனின் கதையும் விளம்பரக் கதைதான், ஒத்துக்கறேன். ஆனா ஏன் வேலை செய்யுதுன்னு சொன்ன காரணம் பொய்யானா, வேலை செய்றதும் பொய்னு ஆகாது. லித்தியத்த 1949ல ஆஸ்திரேலியாவுல ஜான் கேட் கண்டுபிடிச்சதே ஒரு தப்புக் கணக்குல, கினி பன்னிக்கு ஊசி போட்டாரு, அதுக அமைதியா மல்லாந்து படுத்துச்சு, அட இது நல்லா இருக்கேன்னு நோயாளிக்குக் குடுத்தாரு. காரணம் இன்னும் சரியாத் தெரியல. நான் 2011ல உங்கள மாதிரி நாலு கட்டுரை படிச்சுட்டு, நல்லாத்தான இருக்கோம்னு ஒரே நாள்ல நிறுத்தினேன். நாலாவது மாசம் ஸ்கூல் பிரேயர்ல மைக்கப் புடுங்கி ஒன்னரை மணி நேரம் பேசினேன். என்ன பேசினேன்னு எனக்கு ஞாபகம் இல்ல, மத்தவங்களுக்கு இருக்கு. அந்த ஸ்கூல்ல இப்ப நான் இல்ல.

கேள்வி_கேப்போம்

உங்க அனுபவத்துக்கு மரியாதை சார், நெஜமாவே. ஆனா எங்க சித்தி கதையும் கேளுங்க. 11 வருஷம் ஒரே சீட்டு. ஒரு ஆஸ்பத்திரில 2 நிமிஷம் பாப்பாங்க, "ரிப்பீட்"னு எழுதுவாங்க. சித்தி நாக்கு தானா வெளிய வந்து வந்து போகும், வாய் எதையோ மெல்லுற மாதிரியே இருக்கும், பக்கத்து வீட்டுப் பசங்க பழிச்சுக் காட்டுவாங்க. அது மாத்திரையால வர்றதுன்னு எங்களுக்கு 9 வருஷம் கழிச்சு வேற ஒருத்தர் சொன்னார். அதுக்குள்ள அது நெலச்சுப் போச்சு. ஏன் யாரும் டோஸக் கொறச்சுப் பாக்கல? நான் மாத்திரைக்கு எதிரி இல்ல, ரிப்பீட்டுக்கு எதிரி.

நைட்_டூட்டி_சிஸ்டர்

இத மொதல்லயே சொல்லிருந்தீங்கன்னா நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன். உங்க சித்திக்கு வந்தது டார்டிவ் டிஸ்கைனீசியா, பழைய மாத்திரைகள்ல அதிகம், புதுசுல கம்மி, ஆனா இல்லாம இல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாச்சும் நாக்க நீட்டச் சொல்லி, கைய நீட்டச் சொல்லிப் பாக்கணும். கூட்டத்துல அதான் மொதல்ல விட்டுப் போகும். எங்க ஓபில காலைல 150 சீட்டு இருந்த நாள்லாம் உண்டு, நானே "அடுத்து அடுத்து"ன்னு கத்திருக்கேன்.

மாத்திரையோட எல்லைக்கு வரேன், பல்லடத்தக்கா கேட்டது அதான். 1952ல பாரிஸ்ல குரல், சந்தேகத்துக்கான குளோர்ப்ரோமசின் வந்துச்சு, அது மொதல்ல ஆபரேஷனுக்கு முன்னாடி குடுத்துப் பாத்த மருந்து. டிப்ரஷனோட ஆரம்ப மருந்து ஒன்னு டிபி நோயாளிக்குக் குடுத்தது, அவங்க வார்டுல உற்சாகமாயிட்டாங்க. இந்தக் காரணத்தால நோய் வருது, அத அடைக்கிறோம்னு தெரிஞ்சு செஞ்ச மருந்து இல்ல எதுவும், எதேச்சையா கெடச்சது. அப்புறம் வந்ததுல பாதிக்கு மேல அதோட வாரிசுங்க. அதனால அது எத அடக்குதோ அத நல்லா அடக்கும், மத்தத தொடவே தொடாது. குரல், சந்தேகம், யாரோ பின்னாடி வர்றாங்கங்கறது, இதுக்குக் கேக்கும். 2012ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்த தொகுப்புல, ஸ்கிசோஃப்ரினியாவுக்கு மாத்திரை தொடர்ந்தவங்கள்ல ஒரு வருஷத்துல 27 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்துச்சு, நிறுத்தி வெறும் டம்மி மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 64. சின்ன வித்தியாசமா அது? ஆனா பேசப் பிடிக்கல, குளிக்கப் பிடிக்கல, எதுலயும் ருசி இல்ல, மூஞ்சில ஒன்னும் தெரியலங்கறது இருக்கே, அதுக்கு இருக்கற மருந்து எதுவும் பெருசா ஒன்னும் பண்றதில்ல. உங்க தம்பி சுவத்தப் பாத்து உக்காந்திருக்கறது அதுல எவ்ளோ, தூக்க மாத்திரை மாதிரி அமுக்குறது எவ்ளோ, உள்ளுக்குள்ள டிப்ரஷன் எவ்ளோ, இத யாராச்சும் பிரிச்சுப் பாக்கணும்.

ஒன்னு சொல்லுங்க. கை சும்மா மடில வெச்சிருக்கறப்ப நடுங்குதா, இல்ல டம்ளரத் தூக்கறப்ப நடுங்குதா?

மெடிக்கல்_ஷாப்_அண்ணாச்சி

நெல்லைல கடை வச்சிருக்கேன், லித்தியம் சாப்பிடுற வீட்டுக்காரங்க எல்லாருக்கும் ஒன்னு சொல்லிக்கிடுதேன், தயவுசெஞ்சு மூட்டுவலி இடுப்புவலின்னு டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வாங்கிப் போடாதிய. ரத்தத்துல லித்தியம் ஏறிரும். வாந்தி பேதி வந்தாலும் ஏறும், வெயில்ல வேர்த்து தண்ணி குடிக்காம இருந்தாலும் ஏறும், பத்திய சாப்பாடுன்னு உப்ப திடீர்னு நிறுத்துனாலும் ஏறும். அளவு 0.6ல இருந்து 1க்குள்ள இருக்கணும், 1.5 தாண்டினா தள்ளாட்டம், பேச்சுக் குழறல், அப்ப ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும். கிட்னிக்கான கிரியாட்டினினும் தைராய்டும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கணும். எங்கடைக்கு வாறவங்கள்ட்ட கேப்பேன், கடைசியா எப்ப ரத்தம் எடுத்தியன்னு. முக்காவாசிப் பேரு முழிப்பாவ.

பல்லடத்தக்கா

சிஸ்டர், மடில வெச்சா நடுங்கலீங்க. ஊசில நூல் கோக்கறப்பத்தான், டீ டம்ளர் தூக்கறப்பயும். ஓவர்லாக்ல ஊசியும் லூப்பரும் சேத்து நாலஞ்சு எடத்துல நூல் கோக்கோணும், நூல் அந்துச்சுன்னா ஒடனே கோத்துட்டு ஓட்டோணும், பீஸ் ரேட்டுல நேரந்தான் காசு. இவன் ஒரு நூல் கோக்கறதுக்குள்ள பக்கத்து மிஷின்காரன் ஆறு பீஸு முடிச்சுட்டானாம். அதான் அனுப்பிட்டாங்க.

ரத்த டெஸ்ட் கடைசியா எடுத்தது... சீட்டுகளத் தேடிப் பாத்தேன், 14 மாசம் ஆச்சுங்க.

லித்தியம்_19

அக்கா ஒரு கேள்வி. அவன் டெய்லருன்னு இப்பப் பாக்கற டாக்டருக்குத் தெரியுமா?

பல்லடத்தக்கா

அவங்க கேக்கலீங்க. நாங்களும் சொல்லலீங்க. போனா குரல் கேக்குதா, தூங்கறானான்னு கேப்பாங்க, குரல் இல்ல நல்லாத் தூங்கறான்னு சொல்லுவோம், நல்லதும்பாங்க. வெளிய வந்துருவோம்.

லித்தியம்_19

அவங்க ஃபைல்ல உங்க தம்பி நல்லாயிட்டான். குரல் இல்ல, தூக்கம் இருக்கு, டிக் டிக். உங்க வீட்டுலதான் நல்லாகல. எனக்கு இது 8 வருஷம் நடந்துச்சு. எனக்கு நடுக்கம் போர்டுல எழுதறப்ப வரும், புள்ளைங்க சிரிக்கும், நான் அதுக்காகவே டிக்டேஷனா குடுத்து ஓட்டிட்டு இருந்தேன், டாக்டர்ட்ட சொல்லணும்னே தோணல, அதெல்லாம் வியாதியோட சேர்ந்ததுன்னு நெனச்சுக்கிட்டேன். சொன்னப்புறம் ரெண்டு மாசத்துல சரியாச்சு, டோஸக் கொஞ்சம் கொறச்சு, நடுக்கத்துக்கு ப்ரோப்ரனலால் சின்ன அளவுல குடுத்தாங்க. அது எல்லாருக்கும் ஒத்துக்காது, ஆஸ்துமா இருந்தா கூடாது, அதனால நீங்களா வாங்கிடாதீங்க.

ஒரு தாள்ல எழுதிட்டுப் போங்க. "டெய்லர். நூல் கோக்க முடியல. வேலை போச்சு. காலைல 11 வரை படுக்கை. 21 கிலோ ஏறிடுச்சு. ரத்தம் எடுத்து 14 மாசம்." அவ்ளோதான், டாக்டர் மேசை மேல வெச்சுடுங்க.

ராமநாதபுரம்_கடலோரம்

குணசீலம் பத்தி மேல பேச்சு வந்துச்சு. நான் ஏர்வாடி பக்கத்து ஊரு. 2001 ஆகஸ்ட் 6, காலைல மனநோயாளிங்கள வெச்சிருந்த கொட்டாய் எரிஞ்சப்ப சங்கிலில கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாம செத்தாங்க. அதனால சாமி கும்பிடுங்க, தர்காவுக்கு வாங்க, வேண்டாம்னு சொல்லல, ஆளக் கட்டி வெச்சுட்டுப் போறது மட்டும் வேண்டாம். 2017 மனநலச் சட்டப்படி சங்கிலியே குத்தம்.

மட்டுறுத்துநர்

ஒரு பதில நீக்கியிருக்கோம். "எல்லா மாத்திரையும் தூக்கிப் போட்டுட்டு இந்த லேகியம் சாப்பிடுங்க, போன் நம்பர்..." மாதிரி பதிவுகளுக்கு இங்க இடமில்ல. மாத்திரையப் பத்தி விமர்சனம் பண்ணலாம், யாரையும் திடீர்னு நிறுத்தச் சொல்லக் கூடாது. உடனே யார்ட்டயாவது பேசணும்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்ல பேசுவாங்க, ராத்திரியும் எடுப்பாங்க.

மூத்தவன்_அம்மா

நான் இங்க அதிகம் எழுதறதில்ல. எம்பையனுக்கு ரெண்டு மருந்து ஒத்து வராம குளோசபின் குடுக்கறாங்க. ஆரம்பத்துல 18 வாரம் வாராவாரம் ரத்தம், வெள்ளணு கொறஞ்சுட்டா உயிருக்கே ஆபத்தாம், ஒவ்வொரு வாரமும் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வயித்துல நெருப்பு. குரல் பாதிக்கு மேல கொறஞ்சுது, முழுசாப் போகல, அவனே சொல்றான், "ரேடியோ சவுண்ட கம்மி பண்ண மாதிரி இருக்கும்மா"ன்னு.

பல்லடம் தங்கச்சிக்கு ஒன்னு சொல்லணும். நான் நாலு வருஷம் அவன சோம்பேறின்னு திட்டினேன். தண்டச்சோறுன்னு கூட ஒரு நாள் வாய்ல வந்துருச்சு. அதுக்கப்புறம்தான் ஒரு குடும்பக் கூட்டத்துல சமூகப் பணியாளர் ஒருத்தங்க சொன்னாங்க, அவன் எந்திரிக்காம இருக்கறதும் வியாதிம்மா, குரல் கேக்கறது மாதிரியே அதுவும் வியாதின்னு. நான் அன்னிக்கு வீட்டுக்கு வந்து சமையக்கட்டுல உக்காந்து அழுதேன்.

நைட்_டூட்டி_சிஸ்டர்

அம்மா, உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். 1976ல லண்டன்ல வாகன், லெஃப்னு ரெண்டு பேர் ஆராய்ச்சி பண்ணாங்க, ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்குப் போனவங்கள்ல, எப்பப் பாத்தாலும் குறை சொல்ற வீடு, இல்லைன்னா ஓவரா மேல விழுந்து பாக்கற வீடு, அங்க போனவங்களுக்குத்தான் சீக்கிரம் திரும்ப வந்துச்சு, வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல ஒன்னாவே இருந்தா இன்னும் மோசம். அப்புறம் சண்டிகர்லயும் பாத்தாங்க, அங்க குறை சொல்ற வீடே லண்டனவிட கம்மியா இருந்துச்சு. குடும்பத்தாலதான் வியாதி வந்துச்சுன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க, அது பழைய பழி, தூக்கிப் போட்டாச்சு. வீட்டுப் பேச்சையும் ஒரு வைத்தியமா எடுத்துக்கலாம்னுதான் அர்த்தம். மாத்திரை போடுறது ஒருத்தரு, ஆனா வைத்தியம் வீட்டுல நாலு பேருக்கும்.

வேலைக்கும் அப்படித்தான். நம்ம மெட்ராஸ்ல சாரதா மேனன் அம்மா, நாட்டுலயே மொத பெண் மனநல டாக்டர், கீழ்ப்பாக்கத்துல சூப்பரிண்டெண்டா இருந்தவங்க, 1984ல ஸ்கார்ஃப்ங்கற அமைப்ப ஆரம்பிச்சதே இதுக்குத்தான், வார்டுல தெளிஞ்சு போறவங்க வீட்டுல போயி சும்மா உக்காந்துட்டு மறுபடி வர்றாங்க, நடுவுல ஒரு பாலம் வேணும்னு.

சும்மா_படிக்கறவன்

அப்ப கவுன்சிலிங் போனா சரியாயிடுமா? ஒரு சிட்டிங்குக்கு 1500 கேக்கறாங்க எங்க ஊர்ல.

லித்தியம்_19

வியாதியப் பொறுத்து தம்பி. பைபோலார் மேல தூக்கி நிக்கறப்ப என்னை உக்கார வெச்சு பேசிருந்தா நான் அவங்களுக்கே ஃப்ராஞ்சைஸ் வித்திருப்பேன். ஆனா டிப்ரஷனுக்குப் பேச்சு வைத்தியம் நல்லாவே கேக்கும், அதுக்குப் பெரிய டிகிரி வேணும்ங்கறதும் இல்ல, கோவால விக்ரம் பட்டேல் குழு ஆரம்ப சுகாதார நிலையத்துல சாதாரண ஆளுங்களுக்கு ட்ரெயினிங் குடுத்து 6ல இருந்து 8 சிட்டிங்ல பண்ணிக் காட்டினாங்க, 2017ல வந்துச்சு. காலைல எந்திரிச்சு செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை, அப்புறம் இன்னொன்னு, அப்படித்தான் அந்த முறையே. உங்க மாவட்ட தலைமை ஆஸ்பத்திரில மாவட்ட மனநலத் திட்டம்னு ஒரு ரூம் இருக்கும், போயி விசாரிங்க, காசில்ல.

கேள்வி_கேப்போம்

ஒரு சந்தேகம், சண்டைக்கில்ல. பேரு இவ்ளோ ஆட்டம்னா எதுக்கு எழுதணும்? அறிகுறி மட்டும் எழுதி வைத்தியம் பண்ண முடியாதா?

நைட்_டூட்டி_சிஸ்டர்

பாதி டாக்டருங்க மனசுக்குள்ள அப்படித்தான் பண்றாங்க. ஆனா ஃபைல்ல பேரு இல்லைன்னா மாற்றுத்திறனாளி கார்டு கெடைக்காது சார். 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துல மனநோயும் இருக்கு, பாதிப்பு 40 சதவீதம் இருக்கணும், அதுக்கு ஐடியாஸ்னு ஒரு அளவுகோல், தன்னப் பாத்துக்கறது, மத்தவங்களோட பழகறது, பேசிப் புரிஞ்சுக்கறது, வேலை, இந்த நாலுக்கும் மார்க்கு, எத்தன வருஷமா இருக்குன்னும் ஒரு மார்க்கு. அங்க மேல பேரு ஒன்னு இருந்தாகணும். பல்லடத்தக்கா, நீங்க கார்டு வாங்கியாச்சா? ஸ்கிசோஅஃபெக்டிவ்ங்கற பேரு உங்களுக்கு அந்த வகைல பிரயோசனப்படும். பேரு மாறினதுக்கு வருத்தப்படறத விட்டுட்டு அத ஒரு பஸ் பாஸ் மாதிரி எடுத்துக்கோங்க.

*(7 வாரம் கழிச்சு)*

பல்லடத்தக்கா

மறந்துட்டேன்னு நெனச்சுக்காதீங்க. வாத்தியாரண்ணன் சொன்ன மாதிரி தாள் எழுதிட்டுப் போனோமுங்க. டாக்டர் மொதல்ல என்னையப் பாத்தாங்க, அப்புறம் தாளப் பாத்தாங்க, "டெய்லரா?"ன்னு தம்பியக் கேட்டாங்க. ஓவர்லாக்குங்கன்னான். கைய நீட்டச் சொன்னாங்க, விரல் மேல ஒரு வெள்ளத் தாள வெச்சாங்க, தாளு ஓரம் படபடன்னு ஆடுச்சு. மூணு வருஷமா பாக்கறாங்க, இன்னைக்குத்தான் அவன் கையப் பாத்தாங்க. கோவமும் வந்துச்சு, ஆனா நாங்களும் வாயத் தெறக்கலயே.

ரத்தத்துல லித்தியம் 1.1 இருந்துச்சு. கொஞ்சம் கொறச்சு, மொத்தத்தையும் ராத்திரிக்கு மாத்திட்டாங்க. ரிஸ்பெரிடோன் 4ல இருந்து 3, மெதுவாத்தான் எறக்கோணும், மாடிச் சத்தம் லேசாக் கேட்டாலும் ஒடனே வரோணும்னாங்க. எது வியாதின்னு கேட்டேன். "இப்போதைக்கு இதுதாம்மா, அஞ்சு வருஷம் கழிச்சு வேற எழுதினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன், மருந்து கிட்டத்தட்ட இதேதான்"னாங்க. அது எனக்குப் பிடிச்சுது. நடிக்காமச் சொன்னாங்கல்ல.

இப்ப 9 மணிக்கு எந்திரிக்கறான். எடை கொறையல. கம்பெனிக்கெல்லாம் போகல, ஆனா வாசல்ல கெடந்த அந்தப் பழைய மிஷின்ல ஒன்னத் தொடச்சு எண்ணெய் விட்டான். பக்கத்து வீட்டக்கா நைட்டிக்கு ஓரம் அடிச்சுக் குடுத்தான், 20 ரூவா குடுத்தாங்க, வாங்கி என்ட்ட குடுத்துட்டு மறுபடியும் போய்ப் படுத்துட்டான். நூல் கோக்கறப்ப நான் கண்டுக்காத மாதிரி வெங்காயம் உரிச்சுட்டு இருந்தேன். நாலு தடவை ஆச்சு.

அடுத்த மாசம் மறுபடி லித்தியம் டெஸ்ட்டு எடுக்கோணும். வெறும் வயித்துல போகோணுங்களா?

மெடிக்கல்_ஷாப்_அண்ணாச்சி

சாப்பாடு பிரச்சினை இல்லம்மா, இட்லி தின்னுட்டே போலாம். கடைசியா மாத்திரை போட்டு சரியா 12 மணி நேரம் ஆயிருக்கணும், அதான் முக்கியம். டெஸ்ட் எடுக்கற அன்னைக்குக் காலைல லித்தியம் போட்டுட்டுப் போயிராதிய.

பல்லடத்தக்கா

ராத்திரி 9க்குப் போடறானுங்க. லேப்பும் காலைல 9 மணிக்குத்தான் தெறக்கறாங்க. சரியா வரும்.